ஃப்ரீடா கேப்ஸ்டிக் வாங்கிய பூட்ஸ்

ஃப்ரீடா கேப்ஸ்டிக்குக்குக் கெண்டைக்கால் பெரிது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் அவரே முதலில் சொல்கிற சேதி அதுதான். "பாதம் ஆறாம் நம்பர், கெண்டைக்கால் ஆட்டுத் தொடை. இருந்தா காட்டு, இல்லேன்னா வேலையைப் பாரு" என்பார். பெரும்பாலும் கடைக்காரர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மற்ற ஊரில் இது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் ஊர் கார்ஸ்வெய்ட்டில் பொருட்டுதான். எங்களுக்கு அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை மண் என்று தனியாக ஒன்று கிடையாது, சேறுதான். முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் இல்லாதவர் தபால் நிலையத்துக்கும் தேவாலயத்துக்கும் போகலாம். அதைத் தாண்டி ஊர் அவருக்கு இல்லை. ஃப்ரீடா ஆன்ட்டி போட்டிருந்ததெல்லாம் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கிற குட்டை பூட்ஸ். வாசலில் அவர் கணவர் வில்ஃபின் உயரமான கறுப்பு பூட்ஸுக்குப் பக்கத்தில் அது, ஆட்டுக்குப் பக்கத்தில் குட்டி நிற்பதைப் போல நிற்கும்.

அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கடற்கரையில், ஃப்ளீட்வுட்டில் பிறந்தவர். அம்மா மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டினார். குவாரியில் லாரி ஓட்டிய வில்ஃப் ஒருநாள் கடலோரம் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய் அவரைப் பார்த்து, கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து எங்கள் பள்ளிக்கூடச் சமையலறை அவருடையது. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாருடைய எலும்பிலும் ஃப்ரீடா வைத்த குழம்பு கொஞ்சம் இருக்கும். என் எலும்பிலும்தான். எங்கள் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒன்று, அடுத்த வீட்டில் ஃப்ரீடா ஆன்ட்டியின் முன்னறையில் ஒன்று என்று மாட்டியிருக்கிறது. அவர் வீட்டில் இருப்பதுதான் பெரியது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் ஊரே ஒன்றாக நடக்கும். தேவாலய வாசலில் கூடி, ஃபாவ்செட் பண்ணை வயல்களில் ஏறி, மாஸ் என்கிற சதுப்பைக் குறுக்காகக் கடந்து, அந்தப் பக்கம் ஸ்டோன்கார்த் விடுதியில் ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டு, தார்ச்சாலை வழியாகத் திரும்பி வரும். வந்ததும் தேவாலயக் கூடத்தில் சூடாகப் பட்டாணி சூப். யார் முதலில் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நடக்காதவர் என்று ஊரில் மூன்று வகைதான்: கைக்குழந்தை, படுக்கையில் இருப்பவர், சூப் வைக்கிற ஃப்ரீடா.

அவரும் ஒருமுறை போனார். கல்யாணமாகி வந்த புதிது. குட்டை பூட்ஸோடு கிளம்பி, ஃபாவ்செட் வயலின் முதல் கேட்டிலேயே இரண்டு பூட்ஸிலும் தண்ணீர் நிரம்பி, கால் மரத்து, அழுதுகொண்டே திரும்பினார். அன்றைக்கு வெறுமனே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வீட்டிலிருந்த பட்டாணியையும் பன்றி எலும்பையும் போட்டு ஒரு பெரிய பானை சூப் வைத்தார். நடந்து வந்தவர்கள் பானையை வழித்துக் குடித்தார்கள். அடுத்த வருடம் அவரை யாரும் நடக்கக் கூப்பிடவில்லை, பானையைத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். எதையாவது தொடங்கிப் பாதியில் விட்டவனைப் பார்த்து, "என்னப்பா, ஃப்ரீடா கேட் வரைக்கும் போனியா?" என்று கேட்பது இன்றும் எங்கள் ஊர்ப் பேச்சு. கேட்கிற பாதிப் பேருக்கு அது எந்த ஃப்ரீடா என்று தெரியாது. ஃப்ரீடாவுக்குத் தெரியும்.

போன வருடம் ஜூலையில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள். நன்றி சொல்ல எழுந்த இடத்திலேயே, "இந்த வருஷம் நான் மாஸைக் கடக்கப் போறேன்" என்றார்.

தேவாலயக் கூடத்துச் சாவி வைத்திருக்கும் மிசஸ் பிரன்ஸ்கில் கேக்கைக் கீழே வைத்தார். "அப்போ சூப் யாரு வைக்கிறதாம்?"

"வில்ஃப்."

"நானா?" என்றார் வில்ஃப். "எனக்கு முட்டை அவிக்கவே பயம்."

"முப்பது வருஷத்துக்கு மேல குடிச்சிருக்கியே. உள்ள என்ன இருக்கும்னு ஒருநாளாவது எட்டிப் பாத்திருப்பேல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். நானும்தான்.

ஆகஸ்டில் வேளாண் கண்காட்சி வந்தது. செம்மறிக் கிடாய்க்குப் பரிசு, ஜாமுக்குப் பரிசு, கைத்தடிக்குப் பரிசு. ஓரமாக ஒரு கூடாரம் முழுக்க பூட்ஸ். எங்கள் வட்டாரத்தார் வருடாவருடம் செய்கிற முட்டாள்தனம் ஒன்று உண்டு: மழைக்கால பூட்ஸை வெயில்காலத்தில் வாங்குவது. வியாபாரிகள் எங்களைத் தேடி வருவது அந்த ஒரு நாள்தான், விலையும் மலிவு, கையில் பீர் வேறு இருக்கும். பின்னே எப்படி வாங்காமல் வருவது?

அன்றைக்கு நல்ல வெயில். ஃப்ரீடா ஆன்ட்டி செருப்பும் மெல்லிய நைலான் காலுறையுமாக வந்திருந்தார். வியாபாரி ஒரு பச்சை ஜோடியை எடுத்து நீட்டினான். பின்பக்கம் மடிப்பு வைத்து, வார் போட்டு, வேண்டிய அளவுக்கு அகட்டிக்கொள்கிற மாதிரி. கால் உள்ளே போனது. போனதை அவராலேயே நம்ப முடியவில்லை. குனிந்து பார்த்தார்.

"உங்களுக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு, கண்ணு" என்றான் வியாபாரி.

"கண்ணு, மூக்குன்னு சொல்லித் தலையில கட்டாத. இன்னொரு தடவை நடந்து பாக்கறேன்."

கூடாரத்தைச் சுற்றி நடந்தார். காய்ந்த புல்லில் நடப்பதற்கு எந்த பூட்ஸும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கிவிட்டார். வீட்டு வாசலில் அந்தப் பச்சை ஜோடியை வில்ஃபின் கறுப்பு பூட்ஸுக்கு முன்னால் வைத்தார். தெருவில் போகிறவர் கண்ணில் முதலில் அது படவேண்டும் என்று வைத்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அடுத்த வீட்டிலிருந்து சுவரை இரண்டு தட்டு தட்டினார்கள். வா என்று அர்த்தம். போனேன். ஃப்ரீடா ஆன்ட்டி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலது காலில் பச்சை பூட்ஸ். ஒத்திகை நடைக்குக் கிளம்பியிருக்கிறார். குளிருக்குத் தடித்த கம்பளி சாக்ஸ், அதற்குள் கால்சட்டையைச் செருகி, வாரைக் கடைசித் துளைவரை தளர்த்தி, ரொட்டி வருகிற பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி வழுக்கவிட்டு, எப்படியோ உள்ளே தள்ளிவிட்டார். இப்போது நடக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை.

வில்ஃப் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பூட்ஸைத் தன் தொடைகளுக்கு நடுவே பிடித்தார். மற்றக் காலை அவர் பின்புறத்தில் வைத்து ஆன்ட்டி உதைக்க வேண்டும். பண்ணைகளில் எல்லாரும் கழற்றுவது இப்படித்தான்.

"தள்ளு."

"தள்ளினா நீ அடுப்புல போய் விழுவே."

"நீ தள்ளு, விழுறது என் பாடு."

தள்ளினார். வில்ஃப் கோட் மாட்டும் கட்டையோடு போய்ச் சரிந்தார். பூட்ஸ் நகரவில்லை.

"காலைக் கொஞ்ச நேரம் உயரமா தூக்கி வைங்க, ஆன்ட்டி. ரத்தம் இறங்கினா வீக்கம் வடியும்" என்றேன்.

"லீட்ஸ்ல போய் மூணு வருஷம் படிச்சது இதுதானா?" என்றார். ஆனாலும் தூக்கி மேஜைமேல் வைத்தார். பாத்திரம் கழுவும் சோப்பை பூட்ஸின் ஓரத்தில் ஊற்றி, நானும் வில்ஃபும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஒருவழியாக வந்தது. கெண்டைக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். கண்காட்சி வியாபாரி இந்நேரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறானோ, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

ஆன்ட்டி அந்த வளையத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "சரி விடு. மிசஸ் பிரன்ஸ்கில் கிட்ட சொல்லிடலாம். நானே சூப் வச்சுக்கறேன்."

வில்ஃப் கோட்டுகளை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "நான் ரெண்டு தடவை வச்சுப் பாத்தாச்சு" என்றார்.

"எதை?"

"சூப்பை. நீ உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனப்போ. ரெண்டாவது தடவை வச்சதை நாய் குடிச்சுது."

"முதல் தடவை வச்சது?"

"நாயும் குடிக்கல."

ஆன்ட்டி என் பக்கம் திரும்பி, "ஆஷ்லி, உன் கார் ஓடுதா?" என்றார்.

செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா என்பார்கள். வெட்டாவிட்டாலும், அதுவரை அவர் காலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை சந்தை கூடும் பக்கத்து ஊரிலிருக்கும் பண்ணைச் சாமான் கடைக்கு நாங்கள் போனபோது ஆள் மாறியிருந்தார். மாஸைக் கடக்க என்ன உடுத்துவாரோ அதையே உடுத்தி வந்தார்: கம்பளி சாக்ஸ், உள்ளே செருகிய தடித்த கால்சட்டை, மழைக்கோட்டு. கடைக்குள் வெந்துபோயிருப்பார்.

கடையில் இருந்த பெண் பெத்தனி. மாட்டுத்தீவன மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள் மாதிரி இருந்தாள். ஆன்ட்டி தன் வழக்கமான வசனத்தைச் சொன்னார், ஆட்டுத் தொடை உட்பட. பெத்தனி வேலையைப் பார்க்கப் போகவில்லை. அளவு நாடாவை எடுத்துக் கால்சட்டைக்கு மேலேயே சுற்றினாள்.

"எங்க நடக்கப் போறீங்க?"

"மாஸ்ல."

"அப்போ உசரம் குறையக் கூடாது. உள்ள பஞ்சு வச்சது வேண்டாம், நனைஞ்சா வாரக்கணக்கா காயாது. இதைப் போட்டுப் பாருங்க."

ஒரு பச்சை ஜோடி. போனது, ஆனால் இறுக்கம். குந்தி உட்காரச் சொன்னாள். ஆன்ட்டி பாதிவரை உட்கார்ந்து முகத்தைச் சுளித்தார். "ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் உங்க காலு உங்களுக்கே தெரியாது" என்று பெத்தனி அதை எடுத்து வைத்துவிட்டாள். பூப்போட்டது ஒன்று வந்தது. கெண்டைக்காலில் பாதிகூட ஏறவில்லை. கறுப்பில் ஆண்களுடையது ஒன்று. மேலே சரி, கீழே பாதம் படகில் கிடப்பதைப் போலக் கிடந்தது. சேறு பிடித்து இழுத்தால் கால் மட்டும்தான் வெளியே வரும்.

பெத்தனி உள்ளே போனாள். வர நேரமானது. வந்தபோது கையில் வெள்ளை ஜோடி.

"இது பால் பதனிடுற எடத்துக்கும் மீன் வெட்டுற எடத்துக்கும் செய்யறது. காலு அகலம், பாதம் உங்க நம்பர். அடியிலதான் அவ்வளவு பல்லு இல்ல, ஈரத் தரைக்கு செஞ்சது. சேத்துல கொஞ்சம் வழுக்கும், கையில கம்பு வச்சுக்கோங்க."

போட்டார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மேல் விளிம்பில் இரண்டு விரல் நுழைந்தது. கடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். உள்ளே குதிகால் அதிகம் நழுவவில்லை. குந்தினார், எழுந்தார், தீவன மூட்டைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். அப்படியே நின்றார்.

"வேற கலர் இல்லையா?"

"கறுப்புல வரும். இப்போ சொன்னா ஜனவரி ஆகும்."

எங்கள் பக்கத்தில் பூட்ஸின் நிறம் சாதாரண விஷயம் இல்லை. பச்சை போட்டவர் நிலம் வைத்திருப்பவர், அல்லது வைத்திருப்பவர் மாதிரி தெரிய ஆசைப்படுபவர். கறுப்பு, அந்த நிலத்தில் வேலை செய்பவர். வெள்ளையைப் போட்டுக்கொண்டு யாரும் நடக்கப் போவதில்லை.

ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். "எங்கம்மா இதைத்தான் போட்டிருப்பா" என்றார். "வேலை முடிஞ்சு, கழட்டக்கூட நேரமில்லாம, இதோடயே என்னைக் கூட்டிட்டுப் போக ஸ்கூல் வாசலுக்கு வருவா. தெருமுனையில வெள்ளையா தெரியும்போதே பசங்க மூக்கைப் பிடிச்சுக்குவானுங்க. நான் வேற வழியா ஓடிருவேன். பாவம், அவ ரொம்ப நேரம் நிப்பா."

நான் பச்சை ஜோடியை எடுத்துக் காட்டினேன். "பச்சையே வாங்கிக்கலாம், ஆன்ட்டி. ஒரு மணி நேரம் தாங்கும்னு சொல்றாங்களே."

"மாஸைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒண்ணரை."

"மிச்ச அரை மணிக்கு என்னைத் தூக்கிக்கிறியா?"

ஆன்ட்டி பச்சையை ஒரு தரம் பார்த்தார், வெள்ளையை ஒரு தரம் பார்த்தார். பெத்தனி பேசாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று; வேறொருத்தியாக இருந்தால் வெள்ளை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பாள்.

"பெட்டியில போட வேண்டாம்மா" என்றார் ஆன்ட்டி கடைசியில். "போட்டுட்டே போறேன். கழட்டினா மனசு மாறிடும்."

கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க மழை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை மழை நின்று, பனித்தூறல் பிடித்துக்கொண்டது. தேவாலய வாசலில் ஊர் கூடியது, எல்லாம் பச்சையும் கறுப்புமாக. ஃப்ரீடா ஆன்ட்டி கம்போடு வந்தார். எல்லார் கண்ணும் அவர் காலுக்குப் போயிற்று.

வயல்காரர் டெனிஸ் ஃபாவ்செட்டால் சும்மா இருக்க முடியாது. "என்ன ஃப்ரீடா, இன்னிக்கு மீன் என்ன விலை?"

"நாத்தம் வந்தா அது உன் பூட்ஸ்லேருந்து வருது, டெனிஸ். மாட்டுக் கொட்டாயை வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"சூப் இந்த வருஷம் வில்ஃபாமே. நான் வீட்டுலயே சாப்பிட்டு வந்துட்டேன்."

"புத்திசாலி" என்றார் ஆன்ட்டி.

கூடத்து ஜன்னலில் வில்ஃப் ஏப்ரனோடு நின்று கை காட்டினார். கிளம்பினோம்.

முதல் கேட்டில் மாடுகள் மிதித்து மிதித்துச் சேறு களி மாதிரி கிடந்தது. டெனிஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்கிற அந்த 'ஃப்ரீடா கேட்' பேச்சுக்கு வாயைத் திறந்து, அப்புறம்தான் யார் வருகிறார் என்று பார்த்து மூடிக்கொண்டார். ஆன்ட்டி அதைக் கவனித்தாரா தெரியவில்லை. சேற்றில் கால் வைத்தார், எடுத்தார், அடுத்ததை வைத்தார். தாண்டிவிட்டார்.

மாஸுக்குள் இறங்கியதும் பெத்தனி சொன்னது உண்மையாயிற்று. அந்த அடிக்குப் பிடிப்பு பத்தவில்லை. புல் திட்டிலிருந்து புல் திட்டுக்கு நாங்கள் தாவிக்கொண்டிருந்தோம். ஆன்ட்டி கம்பை ஊன்றி, ஆழம் பார்த்து, நேரே தண்ணீருக்குள்ளேயே இறங்கி நடந்தார். தாவி வழுக்குவதைவிட முங்கி நடப்பது மேல் என்று தானே கண்டுபிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் போக முடிந்தது. கூட்டம் முன்னால் போய்விட்டது. நானும் மிசஸ் பிரன்ஸ்கிலின் கணவரும் மட்டும் கூட நின்றோம்.

நடுவில் ஒரு ஓடை இருக்கிறது. சாதாரண வருடத்தில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். அன்றைக்கு அது அகண்டு, எது ஓடை எது சதுப்பு என்று தெரியாமல் பரவியிருந்தது. ஆன்ட்டி கம்பை விட்டுப் பார்த்தார். கம்பு போய்க்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டார். அங்கே நின்றது; எடுத்து ஈரத்தின் அளவை பூட்ஸோடு ஒட்டிப் பார்த்தார். விளிம்புக்கு ஒரு விரல் கீழே.

"ஃப்ரீடா, வேணாம். திரும்பிடலாம். நான் கூட வர்றேன்" என்றார் மிஸ்டர் பிரன்ஸ்கில். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"திரும்பினாலும் இதே தூரம்தானே" என்றார் ஆன்ட்டி.

இறங்கினார். வலது கால் உறுதியாக நின்றது. இடது கால் புதைந்தது. தண்ணீர் விளிம்புவரை வந்து, நின்று, ஒரு சிறு அலையில் உள்ளே குதித்தது. "ஹா" என்று ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான். புதைந்த காலை அப்படியே இழுக்கவில்லை. குதிகாலை முதலில் கிளப்பி, காலை மெல்ல ஆட்டி, சேற்றுக்குள் காற்று புகுந்ததும் எடுத்தார். பூட்ஸ் காலோடு வந்தது. அடுத்த எட்டில் மறு கரையின் புல்லைப் பிடித்தார். நான் கை கொடுக்க நீட்டினேன். கம்பை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் புல்லைப் பற்றி ஏறினார்.

மேலே ஏறி உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றினார். தானாகவே கழன்றது, யார் பின்புறத்தையும் உதைக்கத் தேவைப்படவில்லை. கவிழ்த்தார். ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கும். சாக்ஸைப் பிழிந்து மாட்டிக்கொண்டார். "ஒண்ணு காஞ்சிருக்கு, ஒண்ணு நனைஞ்சிருக்கு. பரவால்ல" என்றார்.

அங்கிருந்து தரை மேடாகிக்கொண்டே போனது. கடைசியில் கற்சுவர், அதில் ஏறிக் கடக்கக் கல்படி. முன்னால் போனவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் காற்றுக்கு ஒதுங்கி நின்றார்கள். விடுதியில் இடம் பிடிக்கப் போகாமல் காத்திருந்தார்கள். டெனிஸ்கூட. ஆன்ட்டி கம்பை முதலில் அந்தப் பக்கம் போட்டு, ஒரு படி, இரண்டு படி என்று ஏறி, சுவரின் உச்சியில் வெள்ளை பூட்ஸோடு நின்றார். பின்னால் மாஸ் கிடந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால், கீழே, வேலிகளும் ஆடுகளும், மூன்று திசையில் பிரிகிற ஒற்றையடித் தடங்களும் தெரிந்தன. ஸ்டோன்கார்த்துக்கு அவர் எப்போதும் சாலை வழியாக பஸ்ஸில் போனவர். ஆயுசுக்கும் இந்தச் சரிவை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கேருந்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள், எல்லாம் ஒரே பக்கம். ஆன்ட்டி இறங்கிக் கம்பை எடுத்துக்கொண்டு அந்தத் தடத்தில் முன்னால் நடந்தார்.